கிருமிநாசினி ஊற்றியும் போர்க்காயங்கள் சீழ் பிடித்தது ஏன்? ஃபிளெமிங் கண்டது என்ன?

கிருமிநாசினி என்பது தான் தொடும் இடத்தில் கிருமிகளைக் கொல்லும் மருந்து. தொட்டால்தான் கொல்லும், சிக்கலே அதில்தான்.

ஸ்காட்லாந்தின் அயர்ஷயரில் 1881-இல் பிறந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், முதல் உலகப்போரின்போது பிரான்சின் பூலோன் நகரில் இராணுவ மருத்துவராக இருந்தார். கழுவிய காயங்களும் அழுகி வீரர்கள் இறப்பதைப் பார்த்தவர், எளிமையான, ஆனால் அபாரமான ஒரு சோதனை செய்தார். கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி, உள்ளீடற்ற முட்களாக இழுத்து, கிழிந்த காயத்தின் வடிவத்தை உண்டாக்கினார். கிருமி கலந்த நீர்மத்தை அதில் நிரப்பிக் கொட்டினார். கிருமிநாசினியை ஊற்றி, அதையும் கொட்டினார். புதிய நீர்மம் விட்டதும் கிருமிகள் மறுபடி பெருகின! முள்நுனிகளில் இருந்தவற்றை மருந்து எட்டவே இல்லை. உண்மைக் காயத்திலோ, கிருமியோடு போராடும் வெள்ளணுக்களையும் அது கொன்றது.

வயலில் களைக்கொல்லியை அள்ளித் தெளித்தால் பயிர் கருகிவிடும். மண்ணுக்கடியில் கிடக்கும் கோரைக்கிழங்கு மட்டும் திரும்ப முளைக்கும். அதே கதைதான்.

உடலுக்குத் தீங்கு செய்யாமல் கிருமியைக் கொல்லும் பொருளை நாடியவர், 1928-இல் பென்சிலினைக் கண்டார்.

அதை மருந்தாக்கியதும் அவரே எனப் பலர் நினைக்கிறார்கள். அந்த உழைப்பு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஃபுளோரி, செயின் என்ற இரு அறிவியலாளர்களின் குழுவினருடையது. 1945 நோபல் பரிசு மூவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது.