ஃபீல்ட் காயில் ஸ்பீக்கர்: காசை எங்கே போடுவது?

கேள்வி: நண்பர் வீட்டில் ஃபீல்ட் காயில் ஸ்பீக்கர் கேட்டேன். பக்கத்தில் இருந்த பவர் சப்ளையின் குமிழை அவர் லேசாகத் திருப்பியதும் பாடகரின் குரல் அப்படியே முன்னால் வந்து நின்றது. அதே மாதிரி பழைய ஜோடி ஒன்று எனக்கு விலைக்கு வருகிறது. என்னிடம் இருப்பது 8 வாட் 300பி வால்வு ஆம்ப். வாங்கலாமா? எந்தப் பவர் சப்ளை போடுவது? நாள் முழுக்க ஓடவிடலாமா?

பதில்: நீங்கள் கேட்டது பிரமை இல்லை. குமிழைத் திருப்பினால் ஒலி நிஜமாகவே மாறும். என்ன மாறுகிறது என்று தெரிந்தால் வாங்குவதா வேண்டாமா என்பது சுலபமாகிவிடும்.

இந்த ஸ்பீக்கரில் நிலைக்காந்தம் கிடையாது. இரும்புக் கூட்டுக்குள் சுற்றிய செம்புக் கம்பியில் டிசி கரண்ட் பாய்ந்தால்தான் காந்தப்புலம். 1925இல் ஜெனரல் எலக்ட்ரிக்கின் பொறியாளர்கள் ரைஸும் கெல்லாக்கும் செய்ததும் இப்படித்தான், பேசும் படத்துக்காக 1926இல் வந்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 555 ஸ்பீக்கர் யூனிட்டும் இப்படித்தான். அன்றைக்கு அந்த அளவு வலுவான நிலைக்காந்தம் கையில் இல்லை, வேறு மர்மம் ஒன்றும் இல்லை. அல்னிகோ என்ற வலுவான நிலைக்காந்தக் கலவை வந்ததும், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, இந்தச் செம்புச் சுருள் மெல்ல ஓரங்கட்டப்பட்டது. இப்போது ஜப்பானின் ஜி.ஐ.பி. லேபரட்டரி, ஜெர்மனியின் வோல்ஃப் ஃபான் லாங்கா போன்றவர்கள் மறுபடி செய்கிறார்கள், கார் விலைக்கு.

சரி, குமிழுக்கு வருவோம். காந்தப்புலம் 10 சதவீதம் கூடினால், குரல் இருக்கும் நடுப்பகுதியில் ஒலி சுமார் 0.8 டெசிபல் கூடும். இவ்வளவு சின்ன மாற்றம் காதுக்கு ‘சத்தம் கூடிவிட்டது’ என்று தெரியாது. ‘உயிர் வந்துவிட்டது’ என்றுதான் தெரியும். அதே நேரத்தில், அதிர்ந்து ஒலி எழுப்பும் காகிதக் கூம்பான கோனின் மீது மின்சாரப் பிடிப்பு இறுகும். கோன் இயல்பாக அதிரும் ஆழமான பேஸ் பகுதியில் ஒலி கொஞ்சம் இளைக்கும். பேஸ் பின்வாங்க, குரல் முன்வர, நீங்கள் பார்த்த வித்தை நடக்கிறது. ஃபீல்ட் காயில் வைத்திருப்பவர்கள் சிலாகிக்கும் பல விஷயங்களுக்குப் பின்னால் இந்தச் சமநிலை மாற்றம்தான் இருக்கிறது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. உங்களுக்கு உண்மையில் பயன்படப்போவதே இதுதான். 300பி போன்ற சிங்கிள் எண்ட் வால்வு ஆம்ப் கோனைக் கெட்டியாகப் பிடிக்காது. பேஸ் சற்று ஊதிப்போகும். புலத்தைக் கொஞ்சம் கூட்டினால் அது சரியாகும். அதே அமைப்பில் டிரான்சிஸ்டர் ஆம்பை மாட்டினால் ஒலி வறண்டுபோகலாம், அப்போது குமிழைக் குறைக்க வேண்டும். பிரான்ஸின் ஃபோக்கல் 2008இல் கொண்டுவந்த கிராண்ட் யுடோப்பியா ஈஎம் ஸ்பீக்கரில் 40 செ.மீ. பேஸ் யூனிட்டுக்கு மட்டும் மின்காந்தம் வைத்ததும் இதற்காகத்தான்: அறைக்கு ஏற்றபடி பேஸைக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் கூட்டிக்கொண்டே போக முடியாது. கோனை அசைக்கும் வாய்ஸ் காயில் இருக்கும் இடைவெளியைச் சுற்றியுள்ள இரும்பு, காந்தப்புலம் சுமார் 2 டெஸ்லாவை நெருங்கும்போது நிறைந்துவிடும். அதற்கு மேல் திருப்பினால் சூடுதான் மிச்சம்.

நிலைக்காந்தத்தைவிட இது மேலா என்றால், நல்ல அல்னிகோவோ நியோடிமியமோ அதே புலத்தைத் தரும் என்பதுதான் என் பதில். நண்பர் வீட்டில் உங்களை மயக்கியதில் மெல்லிய காகிதக் கோன், குறைந்த வாட்டில் நிறைய சத்தம் தரும் தன்மை, தாராளமாகப் போட்ட இரும்பு எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. மறுமுறை போகும்போது குமிழைத் திருப்பிய பிறகு ஆம்பின் வால்யூமைக் குறைத்து, குரலின் சத்தத்தைப் பழைய அளவுக்கு இறக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்போதும் பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம்.

பவர் சப்ளைதான் முக்கியம், இந்த ஸ்பீக்கரில் அது பாதி. செம்பு சூடாகச் சூடாக அதன் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். 555க்குக் கணக்கு 7 வோல்ட், 1.5 ஆம்பியர், அதாவது 10.5 வாட். வோல்டேஜை 7இல் நிறுத்திவிட்டு, காயிலின் சூடு 40 டிகிரி ஏறியதும் பார்த்தால் 1.5 ஆம்பியர் 1.3க்கு இறங்கியிருக்கும். முதல் பாட்டு ஒரு மாதிரி, பத்தாவது பாட்டு வேறு மாதிரி. அதனால் கரண்டை மாறாமல் வைத்திருக்கும் சப்ளை வாங்குங்கள். எலெக்ட்ரானிக்ஸ் பட்டறைகளில் இருக்கும், கரண்ட் செட்டிங் உள்ள லீனியர் பெஞ்ச் சப்ளை இரண்டு, ஸ்பீக்கருக்கு ஒன்றாக, ஆரம்பத்துக்குப் போதும். ஏசியை டிசியாக்க அந்தக் காலத் தியேட்டர்களில் ஓடிய டங்கர் பல்பு ரெக்டிஃபையர்மேல் பலருக்கு மோகம். பார்க்க அழகு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது தரும் டிசியில் மிச்சமிருக்கும் ஏற்ற இறக்க அலையை அடக்கப் பெரிய சோக்குகள் (இரும்பில் சுற்றிய கம்பிச் சுருள்கள்) வேண்டும், உங்கள் முதல் சப்ளையாக அது வேண்டாம். அலை மிச்சமிருந்தால் வாய்ஸ் காயிலில் 100 ஹெர்ட்ஸ் ரீங்காரமாகத் தெரியும். ஆம்பை ஆன் செய்து, பாட்டு இல்லாமல், கோன் அருகே காதை வைத்துக் கேளுங்கள். ஃபீல்டை ஓடவிட்டு ஆம்பை மட்டும் அணைத்த பிறகும் ரீங்காரம் நீடித்தால் குற்றவாளி சப்ளைதான்.

விலைக்கு வரும் ஜோடி பழைய வால்வு ரேடியோவிலிருந்து கழற்றியதா என்று முதலில் கேளுங்கள். அவற்றில் ஃபீல்ட் காயிலே ரேடியோவின் பவர் சோக்காகவும் வேலை பார்த்தது. 1,500 ஓம் காயிலில் 80 மில்லி ஆம்பியர் ஓட 120 வோல்ட் வேண்டும். தொட்டால் உயிருக்கே ஆபத்து. டெர்மினல்கள் மூடியிருக்க வேண்டும்.

காசு கொடுக்கும் முன் மல்டிமீட்டரில் இரண்டு காயிலையும் அளந்து பாருங்கள். ஒன்று கணிசமாகக் குறைவாகக் காட்டினால் உள்ளே சுற்றுகள் ஷார்ட் ஆகியிருக்கலாம். காயிலுக்கும் சட்டத்துக்கும் இடையே தொடர்பே காட்டக்கூடாது. கோனை இரு பக்கமும் விரல் வைத்து மெதுவாக அழுத்தி, உரசல் கேட்கிறதா பாருங்கள். இடைவெளியில் இரும்புத் தூள் இருந்தால் பயப்பட வேண்டாம், கரண்டை நிறுத்தினால் பிடியை விட்டுவிடும். நிலைக்காந்தக்காரர்களுக்கு இந்தப் பாக்கியம் இல்லை.

மாட்டும்போது ஃபீல்ட் வயரின் பிளஸ், மைனஸ் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒன்று மாறினால் அந்த ஸ்பீக்கரின் ஒலி தலைகீழாகி, பேஸ் வற்றிப்போகும், பாடகர் நடுவில் நிற்கமாட்டார். முதலில் ஃபீல்ட், பிறகு ஆம்ப். அணைக்கும்போது மறுபடியும் எதிர்வரிசை. ஃபீல்ட் போட மறந்துவிட்டு, சத்தம் வரவில்லையே என்று வால்யூமை ஏற்றிக்கொண்டே போவதும், அப்புறம் ஞாபகம் வந்து சுவிட்சைத் தட்டுவதும் காதுக்கும் கோனுக்கும் நல்லதில்லை. கரண்ட் ஓடும்போது வயரைப் பிடுங்கினால் காயில் திருப்பி உதைக்கும், பொறி பறக்கும். காயிலுக்குக் குறுக்கே எதிர்த்திசையில் ஒரு டயோடு போட்டுவையுங்கள்.

நாள் முழுக்க ஓடவிடலாம். 555 அளவு காயில் இரண்டுக்கும் சேர்த்து 21 வாட், சீலிங் ஃபேனைவிடக் குறைவு. பின்பக்க இரும்பில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கலாம். வைத்த கையை எடுக்க வேண்டியிருந்தால் கரண்டைக் குறையுங்கள். கேட்காத நேரத்தில் அணைத்துவிட்டு, கேட்பதற்கு அரை மணி நேரம் முன்னால் போட்டாலே போதும்.