பேரனோடு பேசாத இரண்டு வாரம்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வயது 68. இலக்கணம் மட்டும் 34 ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுங்கள் என்று பேரன்தான் கணக்குத் தொடங்கிக் கொடுத்தான், தமிழில் தட்டச்சு செய்யவும் சொல்லிக் கொடுத்தான். ஆகுபெயர் பற்றிய கட்டுரையில், வகுப்பில் நான் நடத்திய முறைப்படி எட்டுப் பத்திகள் சேர்த்தேன். கீழே என் பெயரையும் போட்டேன். மறுநாள் பார்த்தால் அத்தனையும் காணோம். நீக்கியவன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிற பையன். “ஐயா, வணக்கம். இந்தப் பத்திகளுக்கு நூல் சான்று தர முடியுமா?” என்று என் பேச்சுப் பக்கத்தில் எழுதியிருக்கிறான். என்னிடமே சான்று கேட்கிறான்! மூன்று முறை திரும்பப் போட்டேன், மூன்று முறையும் எடுத்துவிட்டார்கள். பேரனும் அந்தப் பையன் பக்கமே பேசுகிறான், அவனோடு இரண்டு வாரமாகப் பேச்சில்லை. அனுபவத்துக்கு மரியாதை இல்லாத இடத்தில் நான் எழுதத்தான் வேண்டுமா?

பதில்: ஐயா, எழுத வேண்டுமா என்பதற்குப் பிறகு வருகிறேன். “அவனோடு இரண்டு வாரமாகப் பேச்சில்லை” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

முதல் கட்டுரை நீக்கப்பட்டது, முதல் திருத்தத்தை யாரோ அழித்துவிட்டார்கள் என்று எனக்குப் பலர் எழுதியிருக்கிறார்கள். மனம் தளராதீர்கள் என்று சொல்வேன் என எதிர்பார்ப்பார்கள். உங்களுக்கு அதைச் சொல்லப்போவதில்லை. அந்தப் பத்திகளை நீக்கியது சரி. பேரனைத் தண்டித்தது தவறு. இரண்டாவதுதான் பெரிய விஷயம், அதனால் அதை முதலில் பேசுவோம்.

வீட்டில் மூத்தவர் ஒருவர் பேசாமல் இருப்பது சாதாரணக் கோபம் இல்லை. சிறியவர்கள் கோபித்தால் நாம் அதட்டலாம், கெஞ்சலாம், சாப்பிடக் கூப்பிடலாம். தாத்தா வாயை மூடிக்கொண்டால் பேரன் என்ன செய்வான்? அவனுக்கு வழியே இல்லை. உங்களை உட்காரவைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டச்சு சொல்லிக் கொடுத்த பிள்ளை அவன். அந்த வயதில் தாத்தாவோடு அவ்வளவு நேரம் உட்காரும் பிள்ளைகள் எத்தனை பேர்? உங்கள் தமிழ் உலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டிருக்கிறான். அப்புறம், நீங்கள் தவறு செய்தபோது தவறு என்று சொல்லியிருக்கிறான். 34 ஆண்டுகள் மாணவர்களிடம் நீங்கள் எதிர்பார்த்ததும் அதுதானே? சொந்த வீட்டில் அப்படி ஒருவன் நிற்கும்போது அவனுக்கு மௌனத்தைப் பரிசாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

குடும்பத்தில் மூத்தவருக்கு மரியாதை தர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்த மரியாதைக்கு ஈடாக மூத்தவருக்கு ஒரு கடமை உண்டு. தவறை ஒத்துக்கொள்வது எப்படி என்று சிறியவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள வீட்டில் முதல் ஆளாக அவர் இருக்க வேண்டும். வேறு யாரிடம் போய் அவர்கள் அதைக் கற்றுக்கொள்வார்கள்?

சரி, விக்கிப்பீடியாவுக்கு வருவோம். “என்னிடமே” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஏகாரத்தில்தான் உங்கள் சிக்கல் முழுவதும் இருக்கிறது. அங்கே உங்களுடைய 34 ஆண்டுகளை யாரும் அவமதிக்கவில்லை. அவற்றைப் பார்க்க அவர்களுக்கு வழியில்லை, அவ்வளவுதான். ஆங்கில விக்கிப்பீடியாவில் இறையியல் பேராசிரியர் என்று சொல்லிக்கொண்டு, அந்தப் பட்டங்களைக் காட்டி வாதாடி, உயர்ந்த பொறுப்புகள்வரை போனவர் ஒருவர் இருந்தார். அவர் 24 வயது இளைஞர், அந்தப் பட்டங்கள் எதுவும் இல்லாதவர் என்பது 2007-இல் வெளிப்பட்டது. பொறுப்புகளை விட்டு விலகினார். திரைக்குப் பின்னால் இருப்பவர் யார் என்பதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? அதனால்தான் எழுதுகிறவர் யார் என்று கேட்காமல், எந்த நூலில் இருக்கிறது என்று கேட்கிறார்கள். பேராசிரியருக்கும் அதே கேள்விதான், பள்ளி மாணவனுக்கும் அதே கேள்விதான்.

விக்கிப்பீடியாவைத் தொடங்கியவர்களே, அனுபவமும் பட்டமும் உள்ளவர்களை வைத்துக் கலைக்களஞ்சியம் எழுத முதலில் முயன்று பார்த்தார்கள். 2000-இல் நியூபீடியா என்று ஒன்று தொடங்கினார்கள். அறிஞர்கள் எழுதி, ஏழு கட்டங்களாகப் பரிசீலித்து வெளியிட வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் ஆண்டில் 21 கட்டுரைகள்தான் தேறின. 2001 ஜனவரியில் யாரும் எழுதலாம் என்று விக்கிப்பீடியாவைத் திறந்துவிட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் கட்டுரைகள் ஏறக்குறைய 20,000 ஆகிவிட்டன. தமிழில் 2003-இல் தொடங்கி, 2017-இல் ஒரு லட்சத்தைத் தாண்டினோம். அதை வளர்த்தவர்களில் உங்களைப் போன்றவர்களும் உண்டு, அந்தக் கல்லூரி மாணவரைப் போன்றவர்களும் உண்டு.

இன்னொன்று. நீங்கள் இலக்கண ஆசிரியர் என்பதால் இதை உங்களிடம் கொஞ்சம் உரிமையோடே கேட்கிறேன். தொல்காப்பியத்தில் எத்தனை இடங்களில் “என்மனார் புலவர்” என்று வருகிறது? எத்தனை இடங்களில் “என்ப” என்று முடிகிறது? முன்னோர் இப்படிச் சொல்கிறார்கள் என்று காட்டிவிட்டுத்தான் அங்கே விதியே சொல்லப்படுகிறது. சான்று காட்டுவது நம் இலக்கண மரபிலேயே ஊறிய பழக்கம். அதைத்தான் அந்த மாணவர் உங்களிடம் கேட்டார். அதுவும் எப்படிக் கேட்டார்? ‘ஐயா’ என்றார், ‘வணக்கம்’ என்றார், ‘தர முடியுமா’ என்றார். நீங்கள் அவரை ‘அவன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். முகம் தெரியாத ஒருவரைப் பற்றி எழுதும்போது எந்த விகுதி வர வேண்டும் என்று நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

எட்டுப் பத்திகளையும் ஒரேயடியாக எடுத்ததற்குப் பதிலாக, சிலவற்றை விட்டுவைத்து ‘சான்று தேவை’ என்று குறித்திருக்கலாம் என்பது என் எண்ணம். புதியவரைக் கடிந்து விரட்டக் கூடாது என்று அங்கேயே ஒரு வழிகாட்டல் உண்டு. ஆனால் அதைச் சாக்காக வைத்து நீங்கள் மூன்று முறை திரும்பப் போட்டதை நியாயப்படுத்த முடியாது. ஆங்கில விக்கிப்பீடியாவில் 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் அப்படிச் செய்தால் கணக்கையே முடக்கலாம். ஒருமுறை நீக்கப்பட்டதும் பேச்சுப் பக்கத்துக்குப் போக வேண்டும். உங்களுக்கு அங்கே ஒரு கேள்வி காத்திருந்தது. பதில் போட்டதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை.

உங்கள் எழுத்து எதுவும் அழிந்துவிடவில்லை. கட்டுரையின் மேலே ‘வரலாற்றைக் காட்டவும்’ என்று இருக்கும். அதைச் சொடுக்கினால் ஒவ்வொருவர் செய்த மாற்றமும் பெயரோடும் நேரத்தோடும் வரிசையாக வரும், உங்கள் எட்டுப் பத்திகளும் அங்கே முழுதாக இருக்கும். கட்டுரைக்கு அடியில் யாரும் பெயர் போடாததற்குக் காரணமும் இதுதான். கையெழுத்து பேச்சுப் பக்கத்துக்கு உரியது. அங்கே நான்கு அலைக்குறி (~~~~) இட்டால் பெயரும் நேரமும் தாமாகவே விழும்.

அந்தப் பத்திகளை எடுத்து உங்கள் மணல்தொட்டியில் ஒட்டிக்கொள்ளுங்கள். அது பழகிப் பார்க்கிற இடம், அங்கே யாரும் உங்களை அவசரப்படுத்த மாட்டார்கள். இப்போது ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். நன்னூலிலோ அதன் உரைகளிலோ இருக்கும் செய்தி என்றால் பதிப்பு, ஆண்டு, பக்க எண் குறியுங்கள். “மாணவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்” போன்ற வகுப்பறை வாசகங்கள் இருந்தால் அடித்துவிடுங்கள், கலைக்களஞ்சியம் யாருக்கும் பாடம் நடத்துவதில்லை. நீங்களே யோசித்துக் கண்டுபிடித்த பகுப்புமுறை ஏதாவது இருந்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். அது மிகச் சிறந்ததாகவே இருக்கலாம். ஆனால் வேறெங்கும் அச்சாகாத புதுக் கருத்துக்கு விக்கிப்பீடியாவில் இடம் கிடையாது. ஓர் இதழுக்கு எழுதுங்கள், நூலாகப் போடுங்கள். பிறகு அதை வேறொருவர் சான்றாகக் காட்டி எழுதட்டும். 34 ஆண்டு அனுபவத்துக்கு அதுதான் பொருத்தமான வழி, அதைச் செய்யாமல் விட்டுவிடாதீர்கள்.

எழுத வேண்டுமா என்று கேட்டீர்கள். கட்டாயம் எழுத வேண்டும். பிள்ளைகள் இலக்கணச் சந்தேகம் வந்தால் முதலில் தேடுவது இணையத்தில்தான். அங்கே அவர்கள் படிப்பதில் பிழை இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் கண் உங்களுக்கு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு கோபித்து ஒதுங்குவது சரியில்லை. முதல் ஒரு மாதம் புதுப் பத்தி எதுவும் வேண்டாம். ஒற்றுப்பிழை திருத்துங்கள், சான்று இல்லாத வரிகளுக்குச் சான்று தேடிச் சேருங்கள். ஒவ்வொரு முறையும் என்ன மாற்றினீர்கள் என்று தொகுப்புச் சுருக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இன்று மாலையே பேரனைக் கூப்பிடுங்கள். யார் சரி, யார் தவறு என்று விளக்கம் எதுவும் வேண்டாம். “சான்று எப்படிச் சேர்ப்பது? எனக்குத் தெரியவில்லை, காட்டு” என்று கேளுங்கள். அவன் பக்கத்தில் வந்து உட்காரட்டும். நூலை எடுத்து அவன் கையில் கொடுங்கள். பக்க எண்ணை அவன் வாசிக்கட்டும், நீங்கள் தட்டச்சு செய்யுங்கள், அவன் சொல்லித் தந்தபடியே. முதல் சான்று ஏறியதும் அந்தக் கல்லூரி மாணவரின் கேள்விக்குக் கீழே பதில் எழுதுங்கள். ‘வணக்கம்’ என்று தொடங்குங்கள்.