மருத்துவர் பதில்: மேடேறி நடந்தால் போதுமா, ஓடித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 47. ஓசூர் சிப்காட்டில் வேலை. இரண்டு வருடமாக பிபிக்கு மெட்டோப்ரோலால் மாத்திரை சாப்பிடுகிறேன். முன்பு காலையில் ஓடிக்கொண்டிருந்தேன். வலது முழங்கால் வலி வந்ததும் விட்டுவிட்டேன். இப்போது வாரத்தில் நான்கு நாள் சந்திரசூடேசுவரர் மலைக்கோயில் சாலையில் வேகமாக ஏறி இறங்குகிறேன். ஏறுவது மட்டும் ஒரு நாளைக்கு மொத்தம் 20 நிமிடம் வரும். மழை நாளில் ஜிம்மில் ட்ரெட்மில். ஆனால் கைக்கடிகாரத்தில் இதயத்துடிப்பு 115ஐத் தாண்டுவதே இல்லை. "நடையெல்லாம் இதயத்துக்குப் போதாது, ஓடினால்தான் உண்டு" என்கிறார் கூட வேலை செய்யும் நண்பர். மறுபடி ஓடத் தொடங்கட்டுமா?
- ஓசூர் வாசகர்

பதில்: இதயத்துக்காக என்றால் ஓட வேண்டியதில்லை. இப்போது செய்வதையே தொடருங்கள்.

இதய மருத்துவர்கள் டிஎம்டி (ட்ரெட்மில் பரிசோதனை) எடுக்கச் சொல்வார்களே, அந்தப் பரிசோதனை எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மார்பில் ஒயர்களை ஒட்டிவிட்டு உங்களை ஓடவா விடுகிறார்கள்? மேட்டில் நடக்க விடுகிறார்கள். புரூஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1960களில் வகுத்த முறைதான் இன்றும் பெரும்பாலான இடங்களில் இருக்கிறது. முதல் 3 நிமிடம் மணிக்கு 2.7 கி.மீ. வேகம், 10 சதவீதச் சாய்வு. அடுத்த 3 நிமிடம் 4 கி.மீ., 12 சதவீதம். அப்புறம் 5.5 கி.மீ., 14 சதவீதம். இந்த மூன்றாவது கட்டத்திலேயே நிறையப் பேர் மூச்சு வாங்கி "போதும் டாக்டர்" என்று கையைத் தூக்கிவிடுவார்கள். இதயத்தைச் சோதித்துப் பார்க்கவே மேட்டு நடை போதும் என்னும்போது, அதைப் பழக்குவதற்கு மட்டும் எப்படிப் போதாமல் போகும்?

10 சதவீதச் சாய்வு என்றால் 100 மீட்டர் போவதற்குள் 10 மீட்டர் உயர்கிறீர்கள் என்று பொருள். சமதளத்தில் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடந்தால், சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாகும் ஆக்சிஜனைப் போல ஏறக்குறைய மூன்றரை மடங்கு செலவாகும். அதே வேகத்தில் 12 சதவீத மேட்டில் ஏறினால் எட்டரை மடங்கு. சமதளத்தில் மணிக்கு 8 கி.மீ. ஓடுபவருக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஆகிறது. உடம்பைத் தூக்கிக்கொண்டு மேலே போகும் வேலையைத் தொடைத் தசை கேட்கிறது, அதற்கு வேண்டிய ரத்தத்தை இதயம் இறைத்துக் கொடுக்கிறது. கால் ஓடுகிறதா நடக்கிறதா என்பது இதயத்துக்குத் தெரியாது.

அமெரிக்காவில் 33,000 ஓட்டக்காரர்களையும் 15,000 நடப்பவர்களையும் ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2013இல் வந்தது. ஒரே அளவு சக்தியைச் செலவழித்தவர்களில் பிபி, கொழுப்பு, சர்க்கரை, இதய நோய் ஆகியவை வரும் வாய்ப்பு இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி குறைந்திருந்தது. ஓட்டத்தின் லாபம் நேரம்தான். சமதள நடையைவிட பாதி நேரத்தில் வேலை முடிந்துவிடும். மேடு அந்த லாபத்தையும் உங்களுக்குத் தந்துவிடுகிறது. வாரத்துக்கு 75 நிமிடமாவது கடுமையான பயிற்சி, அல்லது 150 நிமிடமாவது மிதமான பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்களுக்கு ஏற்றம் மட்டுமே 80 நிமிடம் வருகிறது.

சரி, அந்த 115க்கு வருவோம். உங்கள் நண்பர் 220இல் வயதைக் கழித்து, வரும் 173ஐ உங்கள் வயதுக்கான உச்சத் துடிப்பு என்று வைத்து, அதில் முக்கால் பங்குக்கு மேலாவது துடிப்பு ஏற வேண்டும் என்று கணக்குப் போட்டிருப்பார். அந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. மெட்டோப்ரோலால் துடிப்பைக் கட்டிப்போடும் மாத்திரை. எவ்வளவு ஏறினாலும் எண் அதிகம் உயராது. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் பிபி எகிறும், நெஞ்சுவலிகூட வரலாம். கடிகாரத்தை விட்டுவிட்டுப் பேச்சைக் கவனியுங்கள். ஏறும்போது இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் தொடர்ந்து பேச முடியவில்லை என்றால் அது கடுமையான பயிற்சி. முழு வாக்கியம் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதம்.

ட்ரெட்மில்லில் கைப்பிடியைப் பிடித்துத் தொங்காதீர்கள். சாய்வின் பயனில் பெரும்பங்கு அதிலேயே போய்விடும். 12-3-30 (12 சதவீதச் சாய்வு, 3 வேகம், 30 நிமிடம்) என்று இணையத்தில் சுற்றும் முறையைச் செய்வதானால், அந்த 3 என்பது மணிக்கு 3 மைல் என்ற கணக்கு. நம் ஊர் இயந்திரத்தில் 4.8 கி.மீ. என்று வைக்க வேண்டும். முதல் நாளே 12 சதவீதத்துக்குப் போகாமல் 4, 5 சதவீதத்தில் தொடங்குங்கள். இல்லையென்றால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் பிடித்துக்கொள்ளும்.

முழங்காலுக்குத் தொல்லை தருவது ஏற்றத்தைவிட இறக்கம்தான். இறங்கும்போது சின்னச் சின்ன அடியாக, மெதுவாக வாருங்கள். வாரத்தில் இரண்டு நாள் கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி செய்தால் தொடை பலப்படும். முழங்கால் வீங்கினாலோ, மடக்க நீட்ட முடியாமல் நடுவில் மாட்டிக்கொண்டாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "நடைதானே, ஆபத்தில்லை" என்ற நினைப்பு மேட்டில் உதவாது. காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். தினமும் காலையில் தோப்புக்குப் போகும் மேட்டில், அதே புளியமரத்தடியில் நெஞ்சு இறுக்கிப் பிடிக்குமாம். இரண்டு நிமிடம் நின்றால் சரியாகிவிடும், மறுபடி நடப்பார். கேஸ் என்று நினைத்து இரண்டு மாதம் சீரகத் தண்ணீர் குடித்திருக்கிறார். டிஎம்டியில் இரண்டாவது கட்டத்திலேயே நிறுத்த வேண்டியதாயிற்று, ரத்தக்குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்து இப்போது நன்றாக இருக்கிறார். அந்தப் புளியமரத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் பதறுகிறது. நெஞ்சுவலி என்று யார் வந்தாலும் "மேடு ஏறும்போது வருகிறதா, நின்றால் போகிறதா?" என்று நாங்கள் முதலில் கேட்பது இதனால்தான்.

மேட்டில் உங்களுக்கு நெஞ்சு இறுக்கமோ, தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலியோ வந்தால் அன்றைய நடையை அங்கேயே நிறுத்துங்கள். நின்றதும் போய்விட்டாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். சில நிமிடம் ஓய்வெடுத்தும் விடவில்லை, அல்லது வியர்த்துக் கொட்டுகிறது என்றால் 108ஐ அழையுங்கள், பைக்கை எடுக்காதீர்கள். மார்கழி, தை மாதங்களில் ஓசூர்க் குளிருக்கு ரத்தக்குழாய்கள் சுருங்கும். அந்த நாட்களில் அடிவாரத்தில் 10 நிமிடம் மெதுவாக நடந்து உடம்பு சூடான பிறகு ஏறுங்கள்.

உங்களுக்கு பிபி இருக்கிறது. குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்ததா, உங்கள் சர்க்கரையும் கொழுப்பும் எவ்வளவு என்பதைக் கடிதத்தில் எழுதவில்லை. அந்த விவரங்களோடு உங்கள் மருத்துவரைப் பார்த்து, ஈசிஜி எடுத்துக்கொண்டு, டிஎம்டி தேவையா என்று கேளுங்கள். டிஎம்டி எடுப்பதானால், அன்று காலை மெட்டோப்ரோலால் சாப்பிடலாமா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.