பவுடர் கோட்டிங் முடிந்த பைக் ஃபிரேம்: பூட்டும் முன் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஃபிரேம் பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவி அடுப்புல சுட்டு ஒட்ட வைக்கிற பூச்சு) முடிஞ்சு வந்துடுச்சு. இன்னைக்கே எஞ்சினை ஏத்திடலாமா?

பதில்: பொறுங்க தம்பி, முதல்ல குழாய்களைக் காலி பண்ணணும். பழைய பெயின்ட்டை எடுக்க மணல் அடிச்சிருப்பாங்க. அது குழாய்க்குள்ள போய் மூலைமுடுக்குல தங்கியிருக்கும். ஃபிரேமைத் தலைகீழாப் புரட்டி ரப்பர் சுத்தியலால தட்டுங்க, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஒவ்வொரு ஓட்டையிலயும் கம்ப்ரஸர் காத்து அடிங்க. மறுபடி தட்டினா மறுபடி கொட்டும். கொட்டுறது நிக்கிற வரைக்கும் விடாதீங்க. யமஹா எக்ஸ்டி 500 மாதிரி ஃபிரேம் குழாயிலயே எஞ்சின் ஆயில் நிக்கிற வண்டின்னா, உள்ளே அலசி, கொட்டுற திரவம் தெளிவா வந்த பிறகுதான் மத்த வேலை. அந்த மணல் எஞ்சினுக்குள்ள போனா பேரிங் எதுவும் தப்பாது.

கேள்வி: போல்ட் மரையில ஏறவே மாட்டேங்குது. டேப் விடட்டுமா?

பதில்: புது மரை வெட்டுற டேப் விட்டா இரும்பையும் சேர்த்துச் சுரண்டி, மரை லூஸ் ஆயிடும். சுத்தம் பண்றதுக்குன்னே வர்ற டேப் வாங்குங்க. இல்லைன்னா அதே அளவு பழைய போல்ட்ல நீளவாக்கில ரெண்டு பள்ளம் அறுத்துக்கிட்டா போதும், பவுடர் அந்தப் பள்ளத்துல உதிர்ந்து வெளிய வரும். முதல் ரெண்டு சுத்து விரலால மட்டும். எம்10ல (10 மில்லிமீட்டர் போல்ட்) 1.25 பிட்ச்சும், அதாவது மரைக்கு மரை இடைவெளி, உண்டு, 1.5ம் உண்டு. பிட்ச் கேஜ் வைக்காம ஸ்பானர் போட்டா மரை அதோட காலி.

கேள்வி: ஸ்டீயரிங் கோன் செட் கப் (ஹேண்டில் திரும்புற பேரிங் உட்கார்ற வளையம்) ஃபிரேமோட முன்பக்க ஹெட் குழாய்ல பாதியில நிக்குது. அடிச்சு இறக்கலாமா சார்?

பதில்: கூடவே கூடாது. இந்த இடத்துலதான் நிறைய நல்ல ஃபிரேம் வீணாகுது. கோட்டிங் கனம் சாதாரணமா 60 முதல் 100 மைக்ரான். குழாயோட உள்பக்கம் எதிரெதிரே ரெண்டு சுவர் இருக்கே, அதனால விட்டம் 0.12 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை குறைஞ்சிடும். கப்போ, மில்லிமீட்டர்ல சில நூறில் ஒரு பங்கு இறுக்கத்துல உட்கார வேண்டிய சாமான். அடிச்சா சாஞ்சுதான் இறங்கும்; அப்புறம் ஹேண்டில் ஒரு இடத்துல பிடிச்சுப் பிடிச்சுத் திரும்பும்.

கப்பை எடுத்துட்டு, கூரான ஸ்கிராப்பரால குழாயோட உள்சுவரைக் கையாலயே சுரண்டுங்க. கருப்பு கோட்டிங் சுருள் சுருளா வரும், அடியில பிரைமர் இருந்தா சாம்பல் நிறம் தெரியும், அதுக்கும் கீழ பளபளன்னு இரும்பு. அங்கேயே நிறுத்திடுங்க. கிரைண்டரும் சாணைக்கல்லும் பக்கத்துலயே வேண்டாம், இரும்பு கரைஞ்சா கப் லூஸ் ஆயிடும். கப்போட விளிம்பு உட்கார்ற முகப்பையும் மறக்காதீங்க. கப்பை ராத்திரி முழுக்க ஃப்ரீசர்ல வச்சிருந்து, காலையில நீளமான மரைக்கம்பி, ரெண்டு தடித்த வாஷர், நட் போட்டு நேரா இழுங்க. முடிச்சதும் விளிம்புக்கு அடியில 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் (இடைவெளி பார்க்கிற மெல்லிய தகடு) நுழையுதான்னு பாருங்க. எங்கேயும் நுழையலைன்னா கப் உட்கார்ந்தாச்சு.

கேள்வி: எல்லாம் பூட்டியாச்சு, இண்டிகேட்டர் மங்கலா எரியுது, ஹாரன் முனகுது.

பதில்: எர்த். பவுடர் கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாது. எர்த் வயர் போல்ட் உட்கார்ற இடத்துல, வாஷர் அளவுக்கு மட்டும் இரும்பு தெரியுற வரை சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேல கொஞ்சம் கிரீஸ் தடவுங்க.

கேள்வி: எஞ்சினை போல்ட் போட்டுப் பிடிக்கிற மவுண்ட் காதுகள்லயும் சுரண்டணுமா? பார்க்க அவ்வளவு அழகா இருக்கு, மனசு வரல.

பதில்: மனசு வராதுதான், எனக்கும் வலிக்கும். ஆனா கோட்டிங் பிளாஸ்டிக் இனம். போல்ட் இறுக்கத்துல மெதுவா நசுங்கி விலகும், அந்த அளவுக்கு போல்ட்டும் தளரும், எஞ்சின் ஆட ஆரம்பிக்கும். வாஷரை வச்சு அதோட ஓரத்தைக் கத்தியால வட்டமாக் கீறிக்கிட்டு உள்ளே மட்டும் எடுங்க. வெளிய தெரியாது, சில்லு பெயராது. வெறும் இரும்புல மெல்லிசா கிரீஸ் கட்டாயம், இல்லைன்னா அந்த ஓரத்துலதான் துரு முதல்ல ஏறும். வண்டி கொஞ்ச தூரம் ஓடினதும் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டுற ஸ்பானர்) வச்சு எல்லா மவுண்ட்டையும் ஒரு தடவை சரிபாருங்க.

கேள்வி: நான் இன்னும் கோட்டிங்குக்கு அனுப்பவே இல்ல. என்ன சொல்லி அனுப்பணும்?

பதில்: குடுத்து வச்சவர் நீங்க. மேல சொன்ன வேலையில பாதி மிச்சம். மரைக்கெல்லாம் சிலிக்கான் அடைப்பான், பேரிங் உட்கார்ற இடத்துக்கும் எர்த் இடத்துக்கும் சூடு தாங்குற ஒட்டு டேப் போடச் சொல்லுங்க. ரப்பர் புஷ் எல்லாத்தையும் நீங்களே கழட்டிடுங்க, அடுப்பு 200 டிகிரி கிட்ட போகும். சேஸிஸ் நம்பர் மேல கோட்டிங் கனமா ஏறினா எழுத்து நிரம்பிப் படிக்க முடியாமப் போகும், அங்க கனமா அடிக்க வேண்டாம்னு தனியா எழுதிக் குடுங்க. மூடவேண்டிய ஒவ்வொரு இடத்தையும் போட்டோ எடுத்து வட்டம் போட்டுக் காட்டுறது இன்னும் நல்லது.