கன்றுக்கு மருந்து பலிக்கவில்லை. கீரைக்குக் கால்வாய்த் தண்ணீர் விடலாமா?

கேள்வி: ஐயா, சுங்கை சிப்புட்டில் லயத்துக்குப் பின்னால் அரை ஏக்கரில் பாயாம், கங்கோங் கீரைகளைப் போட்டிருக்கிறேன். ஆறு மாடுகள் உண்டு. தாமான் (குடியிருப்பு) கழிவுநீர்க் குளத்திலிருந்து வரும் கால்வாய்த் தண்ணீரைத்தான் கீரைக்கு இறைக்கிறேன். சுத்தம் செய்த தண்ணீர்தானே என்கிறார்கள். ஒரு வாரமாகக் கன்றுகளுக்கு வயிற்றுப்போக்கு, கழிந்துகொண்டே இருக்கின்றன. போன வருஷம் மிஞ்சிய ஆன்டிபயாட்டிக் பொடியைத் தீவனத்தில் கலந்தேன், பலிக்கவில்லை. இதைவிடக் கடுமையான மருந்து எது?

பதில்: தம்பி, கடுமையான மருந்தைத் தேடாதீர்கள். இளங்கன்று கழிவதற்குப் பல நேரம் ரோட்டா வைரஸோ கொரோனா வைரஸோ காரணமாக இருக்கும். ஆன்டிபயாட்டிக் அவற்றைத் தொடவே தொடாது. கழியும் கன்று பெரும்பாலும் உடம்பில் நீர் வற்றித்தான் சாகிறது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டுப் பாருங்கள். மடிப்பு உடனே படியாமல் நின்றால் நீர் வற்றிவிட்டது என்று பொருள். எலக்ட்ரோலைட் பொடியை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, பால் குடிக்கும் நேரத்துக்கு இடையில் கொடுங்கள். பாலை நிறுத்த வேண்டாம். சாணத்தில் இரத்தம், காய்ச்சல், எழுந்து நிற்க முடியாமை, இதில் எது இருந்தாலும் அன்றைக்கே கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அந்தப் பொடி விஷயம்தான் எனக்குக் கவலை. நோயுற்ற கன்று தீவனத்தைச் சரியாகத் தின்னாது. நீங்கள் கலந்த மருந்தை நல்ல மாடுகள்தான் அதிகம் தின்றிருக்கும், அதுவும் அரைகுறை அளவில். அந்த அளவு பலவீனமான கிருமியைக் கொன்று, தாங்கிய கிருமிக்கு இடம் விட்டுக் கொடுக்கும். மருந்தில் கொஞ்சம் சாணத்தோடும் மூத்திரத்தோடும் வெளியே வந்து, தொழுவம் கழுவும்போது கால்வாய்க்குப் போகிறது.

அப்புறம் குளத்துத் தண்ணீர். அழுக்கைத் தின்னும் பாக்டீரியாக்களை வளர்த்து நீரைத் தெளிய வைப்பதுதான் அந்தக் குளத்தின் வேலை. ஆனால் தாமானில் உள்ள அத்தனை வீட்டுக் கழிவறைக் கிருமிகளும், மருந்துச் சுவடுகளும் அங்கேதான் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. மருந்தை எதிர்க்கும் மரபணு பல நேரம் பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையத்தில் இருக்கும். ஒரு பாக்டீரியா அதைப் பக்கத்தில் இருக்கும் வேற்று இனத்துக்குக்கூடக் கொடுத்துவிடும். தண்ணீர் தெளிந்துவிட்டது என்பதால் இந்தக் கிருமிகள் போய்விட்டதாக நினைக்கக் கூடாது.

கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கின் கதையே போதும். வேறு மருந்து எதுவும் பலிக்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுப்பது அது. பண்ணைகளில் தாராளமாகப் போட்டார்கள். அதை எதிர்க்கும் எம்சிஆர்-1 மரபணு பிளாஸ்மிட்டில் தாவுவதை 2015இல் சீனாவில் கண்டார்கள். அடுத்த வருஷமே மலேசியாவிலும் இருப்பது தெரிந்தது. 2019 ஜனவரி 1 முதல் உணவுக்கான கால்நடைகளுக்கு அதைக் கொடுக்க இங்கே தடை. கடையில் யாராவது பழைய சரக்கை நீட்டினால் வாங்காதீர்கள்.

கீரைக்கு மழைநீரோ குழாய்நீரோ கிணற்று நீரோ விடுங்கள். கால்வாய்த் தண்ணீரை விட்டே ஆகவேண்டுமென்றால் வாழைக்கும் செம்பனைக்கும் வேரடியில் விடுங்கள், இலையில் படக் கூடாது. வல்லாரை மாதிரி பச்சையாகத் தின்பதற்குக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். சமைத்தால் கிருமி செத்துவிடும், சரி. ஆனால் கீரை ஆயும் கையும் நறுக்கும் பலகையும் அடுப்பில் ஏறுவதில்லையே.

பச்சைச் சாணமும் வேண்டாம். அமெரிக்க இயற்கை விவசாய விதியில், மண்ணைத் தொடும் விளைச்சலுக்குப் பச்சை எரு போட்டால் அறுவடைக்கு 120 நாள் இடைவெளி கேட்கிறார்கள். உங்கள் பாயாமை ஒரு மாதத்தில் பிடுங்கிவிடுவீர்கள். அதனால் சாணத்தை, பழம் உதிர்த்த செம்பனைக் குலைத் துண்டுகளோடு கலந்து குவியுங்கள். உள்ளே 55 டிகிரி ஏற வேண்டும். ஓர் இரும்புக் கம்பியை நடுவில் செருகி, பத்து நிமிஷம் கழித்து உருவிப் பிடித்துப் பாருங்கள். கை தாங்கக் கூடாது. அந்தச் சூட்டை 15 நாள் விடாமல் காத்து, அதற்குள் ஐந்து முறை புரட்டிப் போடுங்கள். எதிர்ப்பு மரபணு அடியோடு அழியாவிட்டாலும் கிருமிகள் பெருமளவு செத்துப்போகும்.

நாளைக் காலையில், வேறு மருந்து எதுவும் கொடுக்கும் முன், கழியும் கன்றின் சாணத்தைச் சுத்தமான டப்பாவில் எடுத்துக் கால்நடை சேவைத் துறை அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். மிஞ்சிய பொடியையும் கால்வாயில் கொட்டாமல் அங்கேயே காட்டி, எப்படி அப்புறப்படுத்துவது என்று கேளுங்கள்.