பூ விற்பதற்கு ஒரு படிப்பா என்று கேட்கும் அப்பாவுக்கு

ஐயா, வணக்கம்.

"விலை கிடைக்காமல் நான் படும் பாடு போதாதா, என் மகளும் அதே சந்தைக்குத்தான் போகணுமா?" என்று எழுதியிருந்தீர்கள். உசிலம்பட்டிப் பக்கம் மல்லி போட்டவர் இப்படிக் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் அவள் கேட்பது வேளாண் சந்தைப்படுத்தல் படிப்பு. நீங்கள் எந்த இடத்தில் நஷ்டப்படுகிறீர்களோ, அந்த இடத்தைச் சரிசெய்யக் கற்றுக்கொடுக்கும் படிப்பு.

மல்லியையே பாருங்கள். விடியுமுன் மொட்டாகப் பறித்து மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுவருகிறீர்கள். சாயங்காலத்துக்குள் விரிந்துவிடும் என்பதால் விலை பேசிக் காத்திருக்க உங்களுக்கு நேரமே இல்லை. மார்கழிப் பனியில் விலை எகிறும்போது செடியில் பூ இருக்காது. வரத்து கூடினால் பறிகூலிக்கே கட்டாது. கமிஷன் கடைக்காரரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அவசரத்துக்கு முன்பணம் தருபவர் அவர்தான். அதனாலேயே வேறு கடைக்கும் போக முடிவதில்லை.

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊர்ச் சரக்கு என்று பெயரைக் காக்கும் சட்டப் பதிவு, கிடைத்தது. அந்தப் பெயரைப் போட்டு விற்க, அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்ய வேண்டும். அப்புறம் தரம் பிரிக்கணும், வாடாமல் பெட்டியில் அடைக்கணும், வெளிநாடு என்றால் பூச்சி, நோய் இல்லை என்ற சான்றிதழ் வாங்கணும், விமான நேரத்துக்குச் சேர்க்கணும். சோழவந்தான் வெற்றிலைக்கும் கம்பம் பன்னீர் திராட்சைக்கும் 2023-இல் குறியீடு வந்தது. குறியீடு வந்துவிட்டது என்பதற்காக வாங்குபவர் தானாக வந்துவிடமாட்டார். அவரைத் தேடிப் பிடித்து, கேட்ட தரத்தில் கேட்ட நாளில் சரக்கை அனுப்பும் ஆட்கள் நம் பக்கம் போதவில்லை என்றே நினைக்கிறேன். உங்கள் மகளுக்கு அந்த வேலையில் இடம் இருக்கிறது.

சரி, படிப்புக்கு வருவோம். வேளாண் வணிக மேலாண்மையிலேயே இளநிலைப் பட்டம் இருக்கிறது. ஆனாலும் முதலில் நான்கு வருட பி.எஸ்சி. வேளாண்மை, சந்தைப்படுத்தலை முதுநிலையில் என்பதுதான் என் யோசனை. பயிரைத் தெரியாமல் சரக்கின் தரத்தைப் பேச முடியாது. டி.என்.பி.எஸ்.சி. வேளாண்மை அலுவலர் பணி, வங்கிகளின் வேளாண் அலுவலர் பணி இரண்டுக்கும் அந்தப் பட்டம் செல்லும். பிளஸ் டூவில் உயிரியல் எடுத்திருக்கிறாள் என்பதால் தடை இல்லை. நீட் தேவையில்லை, மதிப்பெண் தரவரிசைதான். மதுரை ஒத்தக்கடையில் 1965 முதல் இயங்கும் வேளாண் கல்லூரி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. தொழில் தொடங்குவோருக்குக் கைகொடுக்கும் மபிஃப் அமைப்பும் அங்கேதான் இருக்கிறது. தனியார் கல்லூரி என்றால் ஐ.சி.ஏ.ஆர். என்னும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரத்தைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

முதுநிலைக்கு ஐதராபாத்தில் உள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனமான மேனேஜ், ஜெய்ப்பூர் தேசிய வேளாண் சந்தைப்படுத்தல் நிறுவனம், அகமதாபாத் ஐ.ஐ.எம். மூன்றிலும் இதற்கான படிப்பு இருக்கிறது. அமுல் குரியன் 1979-இல் குஜராத்தின் ஆனந்தில் தொடங்கிய ஊரக மேலாண்மை நிறுவனமான இர்மா எந்தப் பட்டதாரியையும் ஏற்கும். ஒருவேளை அவள் பி.காம். பக்கம் போனாலும் அந்த வழி மூடாது.

சம்பளத்தை மறைக்க விரும்பவில்லை. ஐ.டி. கம்பெனியில் சேரும் பிள்ளையோடு ஒப்பிட்டால் தொடக்கத்தில் குறைவாகத் தெரியலாம். முதல் சில வருடம் ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கும். ஆனால் வேலைக்கு அரசாங்கத்தை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். விவசாயிகளே சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் 10,000 உருவாக்கும் மத்திய அரசுத் திட்டம் 2020-இல் வந்தது. அப்படிப்பட்ட நிறுவனங்களுக்குக் கணக்கும் விற்பனையும் தெரிந்த ஆள் வேண்டும். ஏற்றுமதிக் கம்பெனி, விருதுநகர் மிளகாய், பருப்பு வியாபாரம், போடி ஏலக்காய் ஏலம் எல்லாமே எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

கலந்தாய்வுக்கு முன் அவளைச் சில நாள் உங்களோடு பூ மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போங்கள். இன்னொரு நாள் மதுரை அண்ணா நகர் உழவர் சந்தை. 1999-இல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்ட இடம் அது. வரத்து எவ்வளவு, காலை விலை, மதிய விலை, கமிஷன் போக உங்கள் கைக்கு வந்தது எவ்வளவு என்று அவளே நோட்டில் எழுதட்டும். எழுதியபிறகும் இதுதான் வேண்டும் என்றால் மதிப்பெண் பட்டியலோடு எனக்கு எழுதுங்கள். எந்தக் கல்லூரியை எந்த வரிசையில் குறிப்பது என்று பார்த்துச் சொல்கிறேன்.