கேள்வி – பதில்: அருங்காட்சியகத்தோடு சேர்ந்து முதல் கண்காட்சி

கேள்வி: அமெரிக்காவில் கறுப்பின இளங்கலைஞர்களுக்கென்றே அருங்காட்சியகங்கள் சேர்ந்து கண்காட்சி நடத்துகின்றன என்று படித்தேன். மீனவர் குப்பங்களிலிருந்தும் காலனிகளிலிருந்தும் வந்து ஓவியம் படித்த ஆறு பேர் இருக்கிறோம். இங்கே அப்படி நடத்த முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, அரியாங்குப்பம்

பதில்: தாராளமாக முடியும். அங்கே இதற்கு முன்னோடி, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1968-ல் தொடங்கிய ஸ்டூடியோ மியூசியம். தேர்ந்தெடுத்த கலைஞர்களுக்கு வேலை செய்ய அறையும் கைச்செலவுக்குப் பணமும் கொடுத்து, ஆண்டு முடிவில் அவர்கள் செய்ததைக் காட்சிக்கு வைப்பது அதன் வழக்கம். அதன் சொந்தக் கட்டடத்தைப் புதிதாகக் கட்டிய காலத்தில், 2019-ல், அந்தக் காட்சி மோமா பிஎஸ்1 என்ற இன்னொரு அருங்காட்சியகத்தில் நடந்தது. கொச்சியிலும் 2014 முதல், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் பினாலே என்ற கலைக் கண்காட்சியோடு மாணவர் பினாலே நடக்கிறது.

ஹார்லெமில் வரிசையைக் கவனியுங்கள். முதலில் இடம், அடுத்து பணம், அதன்பிறகு காலம், கடைசியில்தான் சுவர். நம்மிடம் பெரும்பாலும் “சுவர் தருகிறோம், ஃப்ரேம் போட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள்” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கையில் காசில்லாத பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆகவே உங்கள் முதல் கடிதத்திலேயே செலவைப் பற்றி எழுதிவிடுங்கள். கூச்சம் வேண்டாம்.

கடிதம் ஒரு பக்கம் போதும். கடலூர் அரசு அருங்காட்சியகம் என்றால் காப்பாட்சியருக்கு. அனுமதி சென்னையிலுள்ள துறைத் தலைமை வரை போய் வரலாம் என்பதால் ஆறு மாதம் முன்பே கொடுங்கள். புதுச்சேரி என்றால் கலை பண்பாட்டுத் துறைக்கு. எத்தனை நாள், எத்தனை படைப்பு, எவ்வளவு சுவர் என்பது தெளிவாக இருக்கட்டும். ஆறு பேர், ஆளுக்கு மூன்று, ஒவ்வொன்றும் 3 அடி அகலம் என்றால் 54 அடி. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒன்றரை அடி இடைவெளி விட்டால் இன்னும் 27 அடி. மொத்தம் 81 அடிச் சுவர். “பெரிய ஹால் வேண்டும்” என்று கேட்பதைவிட 81 அடி என்று கேட்டால் காப்பாட்சியர் உடனே பதில் சொல்ல முடியும்.

தேதி பொங்கலுக்குப் பிறகு, மார்ச்சுக்குள். 2011 டிசம்பர் 30 ‘தானே’ புயல், 2024 நவம்பர் 30 ‘ஃபெஞ்சல்’ புயல் இரண்டும் நம் கரையில்தான் ஏறின. ஐப்பசி, கார்த்திகையில் படம் மாட்டாதீர்கள்.

கேள்வி: ஒரு நிறுவனம் இரண்டு லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறது. ஆறு பேருக்கு இதை எப்படிப் பிரிப்பது?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: கலைஞர்களின் பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு மற்றதைப் பிரியுங்கள். ஆளுக்கு 12,000 சம்பளம், 72,000. கான்வாஸ், வண்ணம் போன்ற பொருளுக்கு ஆளுக்கு 5,000, ஆக 30,000. ஃப்ரேம், மாட்டும் வேலை 36,000. வண்டி 18,000. காப்பீடும் காவலும் 16,000. விவரச் சீட்டு, அழைப்பிதழ் 12,000. மீதி 16,000-ஐத் தொடாமல் கையிருப்பாக வையுங்கள். கண்ணாடி உடையும், ஆசாரி இன்னொரு நாள் வர வேண்டியிருக்கும். பொருள் பணத்தை வேலை தொடங்குமுன்பே கொடுத்துவிட வேண்டும். சம்பளத்தில் பாதி முன்பணம், மீதி திறப்பு விழா அன்று. “காட்சி முடிந்ததும் தருகிறோம்” என்ற பேச்சுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். திறப்பு விழா மேடை, மாலை, சால்வைக்கு இந்தப் பணத்திலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகக்கூடாது.

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் படம் எடுத்துப் போகும்போது ஒவ்வொன்றின் புகைப்படம், அளவு, விலை எழுதிய பட்டியலும் அருங்காட்சியகத்தின் கடிதமும் ஓட்டுநர் கையில் இருக்கட்டும். ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் பொட்டலத்தைப் பிரிக்கச் சொன்னால் அது காப்பாற்றும்.

கேள்வி: எங்களோடு சேர்ந்து நடத்துகிறவர்கள் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். “எல்லா உரிமையும் எங்களுக்கே” என்று ஒரு வரி இருக்கிறது. போடலாமா?
– வாசகி, வில்லியனூர்

பதில்: அந்த வரியை அடிக்காமல் போடாதீர்கள். படத்தை மாட்ட அனுமதிப்பது வேறு, காப்புரிமையை எழுதிக் கொடுப்பது வேறு. “காட்சி நடக்கும் நாட்களில் மாட்டவும், அழைப்பிதழ், செய்தி, விவர நூல் ஆகியவற்றில் அச்சிடவும் அனுமதிக்கிறேன்” என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். 1957 காப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். ஆகவே காலத்தை நீங்களே எழுதிவிடுங்கள். உரிமையை விற்றுவிட்டாலும், படைத்தவர் நீங்கள் என்று சொல்லும் உரிமையும், உங்கள் பெயர் கெடும்படி படைப்பைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் 57-ஆம் பிரிவில் உங்களோடே இருக்கின்றன.

யார் தேர்வு செய்வது, எந்தப் படம் எங்கே மாட்டுவது, விற்றால் யாருக்கு எவ்வளவு, சேதமானால் யார் பொறுப்பு: இந்த நான்கும் தாளில் இல்லையென்றால் பெயரில் மட்டும்தான் கூட்டு. தேர்வுக் குழுவில் ஐந்து பேர் என்றால் இரண்டு பேராவது உங்களில் இருக்கட்டும்.

கேள்வி: போன மழைக்காலத்தில் பழைய வீடு ஒன்றில் என் நீர்வண்ண ஓவியங்களை மாட்டினேன். மூன்றே வாரத்தில் கண்ணாடிக்குள் பழுப்புப் புள்ளி, பின்பக்கம் பஞ்சு மாதிரி பூஞ்சை. ஏன்? இனி என்ன செய்வது?
– வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: சுவர்தான் காரணம். அந்த வீடுகளின் செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே மூச்சு விடும். மேலே சிமெண்டோ பிளாஸ்டிக் பெயிண்டோ அடித்துவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். சுவரோடு ஒட்டி மாட்டிய படத்தின் பின்னால் காற்றே போகாது. பகலில் ஏசி போட்டு இரவில் அணைத்திருந்தால் இன்னும் மோசம். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டிப் பல நாள் நின்றால் பூஞ்சைக்கு அது போதும். காகிதத்தை மைதா பசையால் அட்டையில் ஒட்டியிருந்தால் அதற்கு விருந்தே வைத்த மாதிரி.

இப்போதைக்கு அந்தப் படங்களை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். ஈரத் துணியால் துடைக்காதீர்கள், வண்ணத்தோடு பூஞ்சையும் காகிதத்துக்குள் இறங்கும். நிழலில், காற்றோட்டமான இடத்தில் இரண்டு நாள் உலரவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளியில் வைத்து, மென்மையான தூரிகையால் ஒரே திசையில் தட்டி எடுங்கள். பழுப்புக் கறையை வீட்டில் எடுக்க முயல வேண்டாம். அது காகிதப் பாதுகாப்பு தெரிந்தவர் செய்யும் வேலை.

அடுத்த முறை கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவே படம் தெரியும்படி நடுவில் வெட்டிய, அமிலமில்லாத மவுண்ட் அட்டை வையுங்கள், கண்ணாடியும் காகிதமும் தொடக்கூடாது. ஃப்ரேமின் கீழ் மூலை இரண்டிலும் அரை அங்குலக் கார்க் துண்டு ஒட்டினால் பின்னால் காற்று ஓடும். இரும்பு ஆணி கடல்காற்றில் துருப்பிடித்துச் சுவரில் வழியும்; துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிதான் சரி. சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடித்தால் உள்ளங்கை அளவு பெயர்ந்து விழும். மேலே மரச்சட்டம் ஓட்டி அதிலிருந்து கம்பியில் தொங்கவிடுங்கள், அல்லது சுவரைவிட்டுத் தள்ளிப் பிளைவுட் தடுப்பு நிறுத்துங்கள்.

உயரம் கேட்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடலாம். படத்தின் நடு தரையிலிருந்து 58 அங்குலத்தில் வரட்டும். படம் 36 அங்குல உயரம் என்றால் பாதி 18-ஐக் கூட்ட 76. கம்பியை இழுத்துப் பிடித்தால் அது படத்தின் மேல் விளிம்பிலிருந்து 4 அங்குலம் கீழே நிற்கிறது என்றால், கழிக்க 72. சரியாக ஆறடியில் கொக்கி. காகிதப் படத்துக்கு வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவோடு நிற்கட்டும், எண்ணெய் வண்ணத்துக்கு 200 வரை போகலாம்.

கேள்வி: விவரச் சீட்டில் எங்கள் ஊர், சாதியெல்லாம் போட வேண்டும் என்கிறார்கள், “அப்போதுதான் கவனம் கிடைக்கும்” என்று. எங்களில் இருவருக்கு விருப்பமில்லை.
– வாசகி, தேவனாம்பட்டினம்

பதில்: விருப்பமில்லாதவர்களுக்குப் போடக்கூடாது, அவ்வளவுதான். தன் அடையாளத்தை முன்வைத்தே வரைகிறவர் இருப்பார், அவர் தன் சொற்களில் எழுதட்டும். மற்றவரைப் பற்றிக் காப்பாட்சியரோ நன்கொடையாளரோ எழுதும் ஒவ்வொரு வரியையும் அச்சுக்குப் போகுமுன் அந்தக் கலைஞர் படித்துக் கையெழுத்திட வேண்டும். பெயர், தலைப்பு, ஆண்டு, எதில் செய்தது, அளவு, பிறகு கலைஞரே சொல்லும் நாற்பது சொல். தமிழ் மேலே, 24 புள்ளி எழுத்தில். பழைய மீன்வலையில் செய்த சிற்பம் என்றால், எந்தக் கண்ணி அளவு வலை, எத்தனை பருவம் கடலில் கிடந்தது என்று எழுதுங்கள். பார்க்க வருகிறவர் அந்த வலையின் முன்னால் நிற்பார்.